எண்ணெய், வரி, வாக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் டொரன்டோவில் இருக்கிறேன். என் அத்தான் கனடாவின் மேற்கே ஆல்பர்ட்டா மாகாணத்தில் எண்ணெய்த் துறையில் வேலை பார்க்கிறார். எரிபொருள் மேல் கார்பன் வரியாக வாங்கியதில் பெரும்பகுதியை அரசு வீடுகளுக்கே திருப்பிக் கொடுத்தது என்று எவ்வளவு சொன்னாலும் அவர் காதில் ஏறாது. 'எங்கள் வேலையைப் பறித்தது ஒட்டாவாதான்' என்று மத்திய அரசைத் திட்டுவார். வேலை போனது உலகச் சந்தையில் எண்ணெய் விலை விழுந்ததால்தானே? ஒரு மாகாணமே தலைமுறை தலைமுறையாக ஒரே பக்கம், கன்சர்வேடிவ்களுக்கே, வாக்களிக்க ஒரு வரி காரணமாகுமா? இப்போது அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். இனியாவது மாறுவார்களா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அத்தான் கார்பன் வரியைத் திட்டும்போது 1980-ஐயும் சேர்த்துத்தான் திட்டுகிறார். அந்த வருஷம் அவர் கனடாவிலேயே இல்லாமல் இருந்திருக்கலாம். ஆல்பர்ட்டாவில் எண்ணெய் வேலைக்குப் போகிறவருக்கு அந்தக் கதை கூட வேலை செய்பவர்களிடமிருந்து வந்துசேர்ந்துவிடும்.

1979 டிசம்பரில் பிரதமர் ஜோ கிளார்க்கின் சிறுபான்மை கன்சர்வேடிவ் அரசு கவிழ்ந்தது. கிளார்க் ஆல்பர்ட்டாக்காரர். அவருடைய நிதியமைச்சர் ஜான் கிராஸ்பி போட்ட பட்ஜெட்டில் போக்குவரத்து எரிபொருளுக்கு கேலனுக்கு 18 சென்ட் வரி இருந்தது. லிட்டருக்குச் சுமார் 4 சென்ட். அந்த பட்ஜெட்டின் மேல் நடந்த வாக்கெடுப்பில் 139-க்கு 133 என்று அரசு தோற்றது. அடுத்த பிப்ரவரித் தேர்தலில் ஒன்டாரியோ மாகாணம் கிளார்க்கைக் கைவிட்டது. லிபரல் கட்சியின் பியர் ட்ரூடோ பிரதமராகத் திரும்பி வந்தார். வரி மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்டாரியோ தன் பெட்ரோல் செலவைக் கணக்குப் பார்த்து வாக்களித்ததை யாரும் 'பிராந்திய வெறி' என்று எழுதவில்லை. ஆல்பர்ட்டாக்காரர் தன் வேலையைக் கணக்குப் பார்த்தால் மட்டும் அப்படி எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

ட்ரூடோவின் கட்சிக்கு அந்தத் தேர்தலில் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், பிரிட்டிஷ் கொலம்பியா மூன்றிலும் சேர்த்து ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அப்புறம் 1980 அக்டோபர் 28-ஆம் தேதி பட்ஜெட்டோடு தேசிய எரிசக்தித் திட்டம் வந்தது. உள்நாட்டு எண்ணெய் விலையை உலக விலைக்குக் கீழே நிறுத்தினார்கள். அதோடு எண்ணெய், எரிவாயு வருமானத்தின் மேல் 8 சதவீதம் புது வரி.

இந்த 8 சதவீதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இது லாபத்தின் மேல் போட்ட வரி அல்ல. கிணற்றை ஓட்டும் செலவைக் கழித்துக்கொள்ளலாம். கிணறு தோண்டிய செலவையும் அதற்கு வாங்கிய கடனின் வட்டியையும் கழிக்க முடியாது. 1981 ஆகஸ்டில் வட்டி 20 சதவீதத்தைத் தாண்டியது. கடன் வாங்கித் துளைபோட்ட சின்னக் கம்பெனி நஷ்டத்தில் இருந்தாலும் வரியைக் கட்டியாக வேண்டும். அவன் முதலில் நிறுத்துவது எதை? அடுத்த கிணற்றைத்தான். ஓடுகிற கிணறு ஓடிக்கொண்டிருக்கும், அதில் ஆள் அதிகம் தேவையில்லை. வேலை இருப்பது துளைபோடுவதில். துளைபோடும் எந்திரமான ரிக் நின்றால் அதில் மூன்று ஷிஃப்டாக நிற்கும் ஆட்கள், கேம்ப்பில் சமைப்பவர், தண்ணீர் லாரிக்காரர், வெல்டர், அவர்கள் தங்கும் மோட்டல் எல்லாம் ஒரே வாரத்தில் நிற்கும். வேலை இழந்தவர்கள் ரிக்குகள் தெற்கே அமெரிக்காவுக்குப் போவதைக் கண்ணால் பார்த்தார்கள்.

இதே திட்டத்தில் மானியமும் இருந்தது. மத்திய அரசுக்குச் சொந்தமான ஆர்க்டிக், கடல் பகுதிகளில் எண்ணெய் தேடினால் கனடியக் கம்பெனிக்குச் செலவில் 80 சதவீதம் வரை கிடைக்கும். ஆல்பர்ட்டா மண்ணில் தேடினால் அதிகபட்சம் 35. எங்கே துளைபோட வேண்டும் என்பதை ஒட்டாவா வரியாலும் மானியத்தாலும் நகர்த்தியது. ஆகவே 'வேலையைப் பறித்தார்கள்' என்பது வெறும் வாய்ப்பேச்சு இல்லை.

நீங்கள் சொல்வதும் சரிதான். வட்டி விகிதம் அமெரிக்காவையும் வாட்டியது. 1982-இல் உலக விலை இறங்க ஆரம்பித்து, 1986-இல் சரிந்தே போனது. 1981-இல் 4 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த ஆல்பர்ட்டாவின் வேலையின்மை 1983-இல் 10-ஐத் தாண்டியதற்கு இவை எல்லாமே காரணம். ஆனால் சந்தை மேல் கோபப்பட்டு யாருக்கு எதிராக வாக்குப் போடுவது? வரியில் அமைச்சரின் கையெழுத்து இருக்கிறது. வீட்டுச் சாவியை வங்கியிடம் கொடுத்துவிட்டு நின்ற மனிதரிடம் போய், இதில் எத்தனை பங்கு வட்டி, எத்தனை பங்கு வரி என்று பிரித்துக் காட்ட எனக்கு மனசு வராது.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் அத்தானோடு வாதாடுவேன். ஆல்பர்ட்டாவின் கன்சர்வேடிவ் விசுவாசத்தை உண்டாக்கியது வரிதான் என்கிறார்கள். வருஷத்தைப் பாருங்கள்: 1972-லிருந்தே லிபரல்களுக்கு ஆல்பர்ட்டாவில் இடம் கிடையாது. அங்கே இழக்க எதுவும் இல்லை என்பதால்தான் அப்படி ஒரு வரியை அவர்களால் துணிந்து எழுத முடிந்தது. கன்சர்வேடிவ் பக்கமும் அப்படித்தான். 1984-இல் ஆல்பர்ட்டா தன் 21 இடங்களையும் மல்ரோனியின் கன்சர்வேடிவ்களுக்குக் கொடுத்தது; அவர் பிரதமரானார். அந்த எண்ணெய் வருமான வரி முழுசாகப் போக 1986 அக்டோபர் ஆகிவிட்டது. அதற்குள் விலையே சரிந்துவிட்டது. நிச்சயமான வாக்குக்கு யார் அவசரப்படுவார்கள்? அந்த எரிச்சல் 1987-இல் ரிஃபார்ம் என்ற புதுக் கட்சியாக உருவெடுத்தது. 1993-இல் அங்கே 26 இடங்களில் 22 அதற்குப் போயின. கன்சர்வேடிவ்கள் நாடு முழுக்க 2 இடத்தில் நின்றார்கள்.

கார்பன் வரியிலும் இதே கதை. 2023 அக்டோபரில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் மூன்று வருஷம் வரியை நிறுத்தினார்கள். அந்த எண்ணெயை அதிகம் நம்பியிருப்பது அட்லான்டிக் மாகாணங்கள். அங்கே லிபரல் எம்.பி.க்கள் நிறைய. ஆல்பர்ட்டாவும் சஸ்காச்சுவானும் எரிப்பது இயற்கை எரிவாயு. அதற்குச் சலுகை இல்லை. எண்ணெய் விலை அதிகம், அதை எரிப்பவர்கள் ஏழைகள் என்று நியாயமான காரணம் சொன்னார்கள். ஆனால் அமைச்சர் குடி ஹட்சிங்ஸ், பிரெய்ரி எனப்படும் மேற்குச் சமவெளி மாகாண மக்கள் இன்னும் அதிக லிபரல்களைத் தேர்ந்தெடுத்தால் அவர்களுக்கும் இப்படிப் பேசலாம் என்ற பொருளில் டிவியில் சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு நீங்கள் திருப்பிக் கொடுத்த பணத்தைப் பற்றிப் பேசினால் உங்கள் அத்தானுக்கு எப்படிக் கேட்கும்? பணம் வந்தது உண்மை. யாருக்கு விலக்கு, யாருக்கு இல்லை என்பதை அவர் பார்த்ததும் உண்மை.

அவரும் ஒன்றைக் கேட்க வேண்டும். 1961-இலிருந்து 1973 வரை ஒட்டாவா பள்ளத்தாக்குக்கு மேற்கே இருந்த ஒன்டாரியோ மக்கள் ஆல்பர்ட்டா எண்ணெயை உலக விலையைவிட அதிகம் கொடுத்து வாங்கினார்கள். மலிவான இறக்குமதியை மத்திய அரசின் கொள்கை உள்ளே விடவில்லை. ஆல்பர்ட்டாவில் ரிக் ஓட வேண்டும் என்பதற்காகத்தான். அந்தப் பன்னிரண்டு வருஷத்தை எந்த மேடையிலும் யாரும் சொல்வதில்லை. அடுத்த முறை பேசும்போது நீங்கள் ஹட்சிங்ஸ் பேசியதை ஒத்துக்கொள்ளுங்கள், அவரை 1961-ஐ ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி மாறுமா என்று கேட்டீர்கள். 2025 ஏப்ரல் 1-ஆம் தேதி பெட்ரோல் மேல் இருந்த கார்பன் வரி பூஜ்யமானது. அதே மாதம் 28-ஆம் தேதி தேர்தல். ஆல்பர்ட்டாவின் 37 இடங்களில் லிபரல்களுக்குக் கிடைத்தது 2.

அன்புடன்.