கூடுதல் அறை வேண்டாம்

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 61. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில், நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கணவருடன் வசிக்கிறேன். கடந்த ஐந்து மாதங்களாகச் சனிக்கிழமைதோறும் கடற்பாலத்தைக் கடந்து சென்று, மலேசியாவின் ஜோகூர் பாருவில் அடுக்குமாடி வீடுகளைப் பார்த்து வருகிறேன். வெளிநாட்டவர் அங்கு வீடு வாங்கப் பொதுவாகக் குறைந்தது 10 லட்சம் ரிங்கிட் வேண்டும் என்பதால் வாடகை வீடுதான் தேடுகிறேன். கணவர் ஒருமுறைகூட உடன் வந்ததில்லை. 950ஆம் எண் பேருந்தில் நின்றபடி போய், சோதனைச்சாவடி வரிசையில் காத்துக் கிடந்து, கால் வீங்கித் திரும்பினால், நாளிதழிலிருந்து தலையைத் தூக்காமலே "கிடைத்ததா?" என்று கேட்கிறார். மகளோ, "இந்த வயதில் இதெல்லாம் எதற்கம்மா?" என்கிறாள்.

சென்ற மாதம், ராஜமாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போகும் தூரத்தில் ஒரு வீடு பார்த்தேன். சமையலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் கையைத் தள்ளும் வேகத்தில் கொட்டியது, ஜன்னலில் நல்ல காற்று, வாடகையும் கட்டுப்படியாகும். மூன்று படுக்கையறைகள் என்பதால் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். கூடுதல் அறை இருந்தால் நான்கு வயதுப் பேரனின் படுக்கையும் அங்கு வந்துவிடும், இப்போது வாரத்தில் ஐந்து நாளும் காலை ஆறரைக்கு அவனைக் கொண்டுவந்து விடுவது போல அங்கும் தொடரும், அது இருக்கட்டும். உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் புக்கிட் சாகாருக்கும் இடையே எல்லை கடக்கும் ஆர்டிஎஸ் ரயில் வந்துவிட்டால் ஐந்தே நிமிடப் பயணம் என்று எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் கணவர் காதில் விழுவதில்லை. 37 ஆண்டுகளாக அவர் சொன்ன இடத்தில் இருந்தேன். ஒருமுறையாவது என்னுடன் வந்து பார்க்க அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

அன்புள்ள சகோதரிக்கு,

கணவரைப் பற்றிப் பல வரிகள் எழுதிய நீங்கள், பேரனைப் பற்றி ஒரே வரி எழுதி, அதையும் "அது இருக்கட்டும்" என்று மூடிவிட்டீர்கள். என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. கோயிலும் தண்ணீரும் காற்றும் வாடகையும் பொருந்திய வீட்டை ஓர் அறை அதிகம் என்பதற்காக ஒருவர் மறுக்கிறார் என்றால், அவர் தேடுவது பேரனைக் கொண்டுவந்து விட முடியாத ஓர் இடத்தைத்தான்.

பேரன்மீது எவ்வளவு பாசம் தெரியுமா என்று உடனே சொல்ல வருவீர்கள். அதில் எனக்கு ஐயமில்லை. நான்கு வயதுப் பிள்ளையின் பின்னால் ஐந்து நாள் ஓடும் 61 வயது உடம்பு களைத்துப்போவது பாசக் குறைவாகாது. பிள்ளையைத் தன் பெற்றோரிடம் விட்டுவிட்டு வேலைக்குச் செல்லும் தாய்க்கு இங்கு ஆண்டுக்கு 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வருமானவரிக் கழிவு கிடைக்கிறது. அரசாங்கமே கணக்கில் எடுத்துக்கொள்ளும் உழைப்பை நீங்கள் மட்டும் ஏன் இத்தனை சிறிதாக்கிச் சொல்கிறீர்கள்?

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், வருந்தாதீர்கள். "என்னால் முடியவில்லை" என்று மகளிடம் சொன்னதாக உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. "எதற்கம்மா?" என்று அவர் கேட்டபோது வாசல் திறந்துதான் இருந்தது, நீங்கள்தான் நுழையவில்லை. கணவர் விஷயத்திலும் முழுமையாக உங்கள் பக்கம் நிற்க எனக்கு மனம் வரவில்லை. அவர் தலையைத் தூக்கிக் கேட்டிருக்கலாம் என்பது உண்மை. ஆனால் அவரிடமும் நீங்கள் ரயிலைப் பற்றித்தான் பேசியிருக்கிறீர்கள், களைப்பைப் பற்றிப் பேசவில்லை.

அந்த ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் நிலையத்திலேயே முடிந்து, ஐந்து நிமிடத்தில் அக்கரை சேரும் வசதி உங்கள் மகளுக்கும் உண்டு. தூக்கம் கலையாத பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வந்து நிற்பார், நீங்களும் கதவைத் திறப்பீர்கள். கடல் செய்துவிடும் என்று நீங்கள் நம்பியிருக்கும் வேலையை உங்கள் வாய்தான் செய்தாக வேண்டும்.

வரும் சனிக்கிழமை பேருந்து ஏறாதீர்கள். வாரத்தில் எத்தனை நாள் மனமுவந்து பேரனைப் பார்த்துக்கொள்ள முடியும் என்பதை முதலில் நீங்களே முடிவு செய்து, அந்த எண்ணிக்கையை மகளிடம் நேரில் சொல்லுங்கள், கணவரையும் அருகில் வைத்துக்கொண்டு. குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள் பொதுவாக வார நாள்களில் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை இயங்குகின்றன. மகளுக்கு வேறு வழியே இல்லை என்று நீங்களாக எண்ணிக்கொள்ள வேண்டாம். அவர் முகம் ஓரிரு நாள் வாடலாம், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகும் ஜோகூர் பாரு மனத்தில் நின்றால், முகவரை அழைத்து அந்த மூன்று படுக்கையறை வீடு இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள்.