மணலில் மாரத்தான்: திருப்பூரிலிருந்து எப்படித் தயாராவது?

கேள்வி: எனக்கு 38 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறேன். ரோட்டில் மூன்று மாரத்தான் ஓடியிருக்கிறேன், 4 மணி 40 நிமிடத்தில் முடிப்பேன். வரும் மார்ச் முதல் வாரம் தார் பாலைவனத்தில் 42 கிலோமீட்டர் ஓடப் பதிவு செய்திருக்கிறேன். நம்ம ஊரில் மணலுக்கு எங்கேங்க போறது? தண்ணீர் எவ்வளவு குடிக்கணும்?

பதில்: முதலில் அந்த 4 மணி 40 நிமிடத்தை மறந்துவிடுங்கள். ஒரே வேகத்தில் ஓடினாலும் கெட்டித் தரையை விட மணலில் 1.6 மடங்கு சக்தி செலவாகிறது என்று 1998இல் பெல்ஜியம் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். மிதிக்கும்போது மணல் நகர்ந்துவிடுவதால், காலை உந்தும் விசையில் ஒரு பகுதி வீணாகிறது. ஏழு மணி நேரம் ஆகலாம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பயிற்சியையும் கிலோமீட்டர் கணக்கில் வைக்காமல் மணிக்கணக்கில் வையுங்கள்.

மணலுக்குத் தாராபுரம், கரூர் பக்கம் அமராவதி ஆற்றுப் படுகை போதும். தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு இறங்குங்கள். நொய்யல் வேண்டாம், சாயக்கழிவும் கண்ணாடிச் சில்லும் கிடக்கும். வாரம் ஒரு நாள் 20 நிமிடத்தில் ஆரம்பித்து மெல்லக் கூட்டுங்கள். அவசரப்பட்டால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், குதிகால் தசைநார் வீங்கும். அடி சின்னதாக, பாதம் முழுவதும் படும்படி வையுங்கள். மேட்டில் ஓடாதீர்கள், நடங்கள். காற்று அடிக்கும் பக்கத்தில் மணல் இறுகி இருக்கும், மறுபக்கம் பொதபொதவென்று சரியும். முன்னால் போனவரின் கால்தடத்திலேயே கால் வைத்தால் எவ்வளவோ மிச்சம்.

ஜனவரியில் ஒரு சனி, ஞாயிறு திருச்செந்தூர் பக்கம் தேரிக்காட்டுக்குப் போய் வாருங்கள். செம்மணல் மேடுகள், நிழலே இல்லாத வெளி. பாலைவனத்தின் சாயலைத் தமிழ்நாட்டுக்குள் அங்கேதான் பார்க்கலாம். நான் முதல் முறை அங்கே ஓடியபோது ஒரு மணி நேரத்திலேயே ஷூவுக்குள் மணல் புகுந்து, விரல் நுனியில் கெட்டியாக அடைத்துக்கொண்டது. கழற்றிப் பார்த்தால் இரண்டு சுண்டுவிரலிலும் கொப்புளம். அன்றிலிருந்து ஷூவை மூடும் துணி உறை இல்லாமல் நான் மணலில் இறங்குவதில்லை.

அந்த உறை தைக்கத் திருப்பூரை விட நல்ல ஊர் கிடையாது. லைக்ராவில் தைத்தால் பொடி மணல் உள்ளே இறங்கிவிடும், அதனால் பாராசூட் துணியில் தைக்கச் சொல்லுங்கள். கணுக்காலுக்கு மேலே எலாஸ்டிக், கீழே வெல்க்ரோ. ஷூவின் விளிம்பைச் சுற்றி வெல்க்ரோவைப் பசையால் ஒட்டியதோடு விடாமல், செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தையலும் போட்டு வாங்குங்கள். சூட்டில் பசை இளகிவிடும். கால் வீங்குவதால் ஷூ அரை அளவு பெரிதாக இருக்கட்டும்.

அடுத்து தண்ணீர். நம்ம ஊரில் பனியன் நனைவதைப் பார்த்தே எவ்வளவு வியர்க்கிறது என்று தெரிந்துவிடும். அங்கே வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடும், சட்டையில் உப்புக்கோடு மட்டும் வெள்ளையாகப் பூக்கும். வியர்க்கவே இல்லை என்று நினைத்து ஏமாந்துவிடுவோம். அதனால் உங்கள் அளவை இங்கேயே கண்டுபிடியுங்கள். வெயிலில் ஒரு மணி நேரம் ஓடுங்கள், ஓடும் முன்னும் பின்னும் உடம்பைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். 64 கிலோ 63.1 ஆகி, நடுவில் அரை லிட்டர் குடித்திருந்தால் உங்கள் வியர்வை மணிக்கு 1.4 லிட்டர். அவ்வளவையும் ஈடுகட்டத் தேவையில்லை. மொத்த எடையில் சுமார் இரண்டு சதவீதத்துக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எடை கூடவே கூடாது. அதிகமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் வலிப்பு, மயக்கம் வரை போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதித்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. மருந்துக்கடை ஓஆர்எஸ் பொடியை அளவு பார்த்துக் கலக்கிக்கொள்ளுங்கள். கடலைமிட்டாய், உப்புப் போட்ட வேர்க்கடலை என்று வயிற்றுக்குப் பழகியதையே எடுத்துப் போங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், உடம்பில் நீர் குறைந்த நேரத்தில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பிப்ரவரி கடைசி இரண்டு வாரம் காலை பதினொரு மணி வெயிலில் தினமும் ஒரு மணி நேரம் மெதுவாக ஓடுங்கள். 10 முதல் 14 நாளில் ரத்தத்தின் நீரளவு கூடும், வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் போகும் உப்பும் குறையும். முன்னதாகவே இதை முடித்துவிட்டு ஓய்வெடுத்தால் பலன் கரைந்துவிடும்.

மணல் காற்று அடித்து வழிக்குறி மறைந்தால் அங்கேயே நின்று விசிலை ஊதுங்கள். 1994இல் மொராக்கோவில் மௌரோ பிரோஸ்பெரி என்ற இத்தாலிய வீரர் புயலில் வழி தவறிப் பல நாள் அலைந்து அல்ஜீரியாவில் போய்ச் சேர்ந்தார். கூட ஓடுபவர் பேச்சுக் குழறினாலோ, தடுமாறினாலோ வெயில் அடித்துவிட்டது என்று அர்த்தம். வியர்வை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் நிழலில் கிடத்தி, கையில் இருக்கும் தண்ணீரை எல்லாம் அவர் மேல் ஊற்றி விசிறுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், 35 வயதைத் தாண்டிவிட்டீர்கள். பயிற்சியைத் தொடங்கும் முன் இதய மருத்துவரைப் பார்த்து, ஈசிஜியும் அவர் சொன்னால் டிரெட்மில் டெஸ்ட்டும் எடுத்துவிடுங்கள்.