மமியா 7 வாங்கும்போதே 150 லென்ஸும் வாங்க வேண்டுமா?

பெரிய நெகட்டிவ் தரும் ரோல் ஃபிலிம் கேமராவான பழைய மமியா 7 ஒன்று விலைக்கு வருகிறது, 80 மி.மீ. லென்ஸோடு தூரத்தைக் கிட்டே இழுக்கும் 150 மி.மீ.-ஐயும் சேர்த்து வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆட்களைப் படம் எடுக்கத்தான் 150 தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அதற்காகத்தான் வாங்கினேன். இப்போதைக்கு வேண்டாம். 80-ஐ மட்டும் வாங்கி ஒரு வருடம் எடுங்கள்.

என்னிடம் அதன் அடுத்த மாடலான 7II ஏழு வருடமாக இருக்கிறது. வாங்கிய இரண்டாம் வருடம் 150 சேர்ந்தது. சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊருக்கு, அப்பத்தாவைப் படம் எடுக்கவென்றே அதைக் கொண்டுபோனேன். அவருக்கு அப்போது தொண்ணூறைத் தொடும் வயது. காதில் தண்டட்டி, கறுப்பு ஃபிரேம் கண்ணாடி, திண்ணைத் தூணில் சாய்ந்த உட்கார்வு. ஆறடி தள்ளி உட்கார்ந்தேன். வியூஃபைண்டர் நடுவிலிருக்கும் சின்னக் கட்டத்தில் கண்ணாடியின் ஓரம் இரண்டாகத் தெரிந்தது. லென்ஸைத் திருகத் திருக, இரண்டும் நகர்ந்து வந்து ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. "எடுத்துட்டியாய்யா? கண்ணு கூசுது" என்றார். நான்கு ஃபிரேம் எடுத்தேன்.

ரோல் கழுவி வந்தபோது நான்கிலும் அப்பத்தா முகம் மங்கல். பின்னால் இருந்த கதவின் பித்தளைக் குமிழ் மட்டும் பளிச்சென்று இருந்தது. பஸ்ஸில் போகும்போது பை எங்கோ இடித்து ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது அந்தக் கட்டத்தில் ஃபோகஸ் காட்டும் அமைப்பு, விலகியிருக்கிறது. இந்த வகைக் கேமராவில் நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல. அதனால் கட்டத்துக்குள் எல்லாம் சரியாகவே தெரியும், ஃபிலிமில்தான் தப்பு விழும். அடுத்த மாசிக்குள் அப்பத்தா போய்விட்டார்.

அதே ரோலில் 80 போட்டு எடுத்த படம் ஒன்று தப்பியது. காரணம் கணக்குதான். ஆறடி தூரத்தில் 150-ன் துவாரத்தை முழுதாகத் திறந்து f/4.5-இல் எடுத்தால் ஃபோகஸ் நிற்கும் ஆழம் மூன்று அங்குலம்தான். 80-ன் துவாரத்தைச் சுருக்கி f/8-இல் வைத்தால் அதே தூரத்தில் ஒன்றரை அடி வரை தாங்கும். ரேஞ்ச்ஃபைண்டர் கொஞ்சம் விலகியிருந்தாலும் 80 மன்னித்துவிடும், 150 மன்னிக்காது. அதோடு படத்தில் எதுவரை விழும் என்று காட்டும் சட்டக்கோடு 150-க்கு வியூஃபைண்டரில் ரொம்பச் சின்னதாகத் தெரியும். 1.8 மீட்டருக்குக் கிட்டேயும் போக முடியாது. இன்னும் நீளமான 210 லென்ஸுக்கு ரேஞ்ச்ஃபைண்டர் இணைப்பே கிடையாது, தூரத்தை மதிப்பிட்டுத்தான் எடுக்க வேண்டும். அதை விட்டுவிடுங்கள்.

அப்போ இந்தக் கேமரா எதற்கு என்று கேட்டால், அகலமான காட்சிகளுக்கு. SLR கேமராவில் போல உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி எழும்பி விழும் வேலை இல்லாததால், அகலக் கோணமான 43 லென்ஸின் பின்பக்கம் ஃபிலிமுக்கு ரொம்பக் கிட்டே போய் உட்கார்கிறது. கட்டடத்தின் கோடுகள் வளையாமல் நேராக வரும். 43-க்கும் 50-க்கும் மேலே தனி வியூஃபைண்டர் மாட்ட வேண்டும், வாங்கும்போது அது கூட இருக்கிறதா என்று பாருங்கள். 65-க்கு அது தேவையில்லை. இரண்டாவது லென்ஸ் எது என்றால் என் பதில் 65.

"ஃபோனே போதுமே" என்று சிலர் கீழே எழுதுவார்கள். அவர்களுக்கு ஃபோன் போதும் என்றால் சந்தோஷம். அந்த 80 படத்தை ஆளுயரத்துக்குப் பிரிண்ட் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். தண்டட்டி இழுத்த காதுத் துளை அதில் தெரிகிறது. எனக்கும் ஃபோனே போதும் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இதையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. அப்பத்தா வீட்டு அடுப்படி, நெற்குதிர் எல்லாம் இன்னொரு ரோலில் இருந்தன. கழுவக் கொடுத்த லேப், ஸ்கேனை மட்டும் மெயிலில் அனுப்பியது. இரண்டு மாதம் கழித்து நெகட்டிவ் கேட்டால், "யாரும் கேக்குறதில்ல சார், தூக்கிப் போட்டுட்டோம்" என்றார்கள். நெகட்டிவ் நம்முடையது. ரோல் கொடுக்கும்போதே கவரில் "நெகட்டிவ் திருப்பி வேண்டும்" என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள். அந்தக் குதிர் இப்போது இல்லை.

சரி, உங்கள் கேமராவுக்கு வருவோம். பேட்டரி தீர்ந்தால் இது ஒரு படம்கூட எடுக்காது, பையில் எப்போதும் ஒன்று உபரியாக இருக்கட்டும். லென்ஸ் மாற்றும் முன், ஃபிலிமில் வெளிச்சம் படாமல் காக்கும் திரையைக் கேமராவின் அடியிலிருந்து மூட வேண்டும், மாற்றிய பின் திறக்க வேண்டும். மூடியிருந்தால் ஷட்டர் விழாது, பழுது என்று பயப்படாதீர்கள். வெளிச்சம் அளக்கும் மீட்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, ஃபில்டர் போட்டால் கணக்கை நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். பேட்டரியே வேண்டாம் என்றால் ஃபூஜி GW690III இருக்கிறது. ஆனால் அதில் ஒரே 90 லென்ஸ், கழற்ற முடியாது, மீட்டரும் கிடையாது, ரோலுக்கு 8 படம். மமியாவில் 10.

நான் ரிப்பேர் பார்ப்பவன் இல்லை, என் அனுபவத்தைத்தான் சொல்கிறேன். நேரில் போனால், லென்ஸை முடிவிலிக் குறிக்கு (∞) திருகி, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள செல்போன் டவரைக் கட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள். இரண்டு டவர் தெரிந்தால் ரேஞ்ச்ஃபைண்டர் விலகியிருக்கிறது. பக்கவாட்டில் விலகினாலும், மேலும் கீழுமாக விலகினாலும் கோளாறுதான். அப்புறம் டேப்பில் இரண்டு மீட்டர் அளந்து, லென்ஸிலுள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். விற்பவர் தூர ஊரில் இருந்தால், அதே கேமராவில் 150 போட்டு 4.5-இல் எடுத்த ஒரு முகத்தின் ஸ்கேனை அனுப்பச் சொல்லுங்கள்.