எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு எந்தச் சத்து மாத்திரை? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நம்ம பக்கத்திலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ போய் ஸ்லீவ் (இரைப்பையை வெட்டிக் குழாய் மாதிரிச் சிறிதாக்குவது), பைபாஸ் (இரைப்பையில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டி இணைப்பது) செய்துகொள்கிறவர்கள் ஊர் திரும்பியதும் திணறுவது மருந்துக்கடையில்தான். அப்படிச் செய்துகொண்டவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. வந்த கேள்விகளுக்கு ஊர்ப் பெயரை மட்டும் போட்டுப் பதில் எழுதுகிறேன். நான் சொல்லும் அளவுகள் ஸ்லீவ், பைபாஸ் செய்த பெரியவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பவை. ரத்தப் பரிசோதனையைப் பார்த்து உங்கள் டாக்டர் கூட்டியோ குறைத்தோ கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கானாடுகாத்தான்: அக்கா, ஆத்தாவுக்கு ஸ்லீவ் செய்து நாலு மாசம் ஆகுது. சிங்கப்பூரிலிருந்து அம்மான் மிட்டாய் மாதிரி மெல்லுகிற வைட்டமின் டப்பா வாங்கிட்டு வந்தாக. அது மட்டும் போதுமா?

போதாது. அந்த ஜெல்லி மிட்டாய் வகைகளில் பெரும்பாலும் இரும்பு இருக்காது, பி1 இருக்காது அல்லது பேருக்கு இருக்கும். டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்துப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். நாள் ஒன்றுக்கு பி1 குறைந்தது 12 மில்லிகிராம், பி12 350 முதல் 1000 மைக்ரோகிராம், ஃபோலிக் அமிலம் 400 முதல் 800 மைக்ரோகிராம், துத்தநாகம் 8 மில்லிகிராமுக்கு மேல், தாமிரம் 1 முதல் 2 மில்லிகிராம் கிடைக்க வேண்டும். துத்தநாகம் மட்டும் தனியாக நிறையச் சாப்பிட்டால் தாமிரம் குறைந்துபோகும். அதனால் இரண்டும் சேர்ந்திருப்பதையே வாங்குங்கள். மெல்ல வசதியாக வேண்டுமென்றால் மென்று தின்னும் மாத்திரையாகவே கிடைக்கிறது. அம்மான் ஆசையாக வாங்கி வந்ததைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், மிட்டாய் என்று எடுத்துத் தின்றுவிடுவார்கள்.

தேவகோட்டை: பைபாஸ் செஞ்சு எட்டு மாசம். டாக்டர் சிட்ரேட் கால்சியம் எழுதினாக. கடையில் அது இல்லை, கார்பனேட்தான் இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான்னு கொடுத்துட்டாக. சரிதானா?

ஆச்சி, ரெண்டும் ஒன்றில்லை. கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும். பைபாஸுக்குப் பிறகு உங்கள் சின்னப் பையில் அமிலம் மிகக் குறைவு. நெஞ்செரிச்சல் மாத்திரையும் சாப்பிட்டால் இன்னும் குறையும். சிட்ரேட்டுக்கு அந்தத் தேவை இல்லை, சாப்பாட்டோடும் சாப்பிடலாம், வெறும் வயிற்றிலும் சாப்பிடலாம். இன்னொரு விஷயம், நிறைய மாத்திரைகளில் கார்பனேட் கால்சியத்தைச் சிப்பி ஓட்டிலிருந்து எடுக்கிறார்கள். நீங்கள் சைவமானால் பெட்டியில் அதையும் பாருங்கள்.

‘கால்சியம் சிட்ரேட் 1000 மில்லிகிராம்’ என்று போட்டிருந்தால் அதில் உண்மையான கால்சியம் சுமார் 210 மில்லிகிராம்தான். உங்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சாப்பாட்டையும் சேர்த்து 1200 முதல் 1500 மில்லிகிராம். ‘எலிமென்டல் கால்சியம்’ என்று தனியாக ஓர் எண் போட்டிருப்பார்கள், கணக்குக்கு அதையே எடுங்கள். ஒரே வேளையில் 500, 600க்கு மேல் உடம்பு ஏற்காது. மூன்று வேளையாகப் பிரியுங்கள். கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் ஓரிரு நாளில் வரவழைத்துக் கொடுப்பார்.

பள்ளத்தூர்: பைபாஸ் செஞ்ச எனக்குத் தைராய்டு மாத்திரையும் உண்டு. இரும்பு, கால்சியம், மல்டிவைட்டமின் எல்லாத்தையும் காலைக் காபியோடு ஒரே மூச்சில் போட்டுடுறேன். ஆனாலும் ஹீமோகுளோபின் ஏறவே மாட்டேங்குது.

தங்கச்சி, மாத்திரையில் குறையில்லை, நேரத்தில்தான் இருக்கிறது. இரும்பை அதிகம் உறிஞ்சுவது சிறுகுடலின் முதல் பகுதி. பைபாஸில் சாப்பாடு அந்தப் பகுதியைத் தொடாமலே போகிறது. மிச்சம் இருக்கிற கொஞ்ச வாய்ப்பையும் கால்சியமும் காபியும் கெடுத்துவிடுகின்றன. தைராய்டு மாத்திரையையும் இரும்பும் கால்சியமும் தடுக்கும். நாலு மணி நேர இடைவெளி வேண்டும்.

இப்படி மாற்றிப் பாருங்கள். காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் தைராய்டு, 7 மணிக்குக் காபி. பத்தரைக்கு முதல் கால்சியம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி வாக்கில் மல்டிவைட்டமின். நாலரைக்கு இரண்டாவது கால்சியம், இரவு ஏழரைக்குப் பலகாரத்தோடு மூன்றாவது. படுக்கும் முன் பத்து மணிக்கு இரும்பு. மாதவிடாய் வரும் பெண்களுக்கு எலிமென்டல் இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம் தேவை, மல்டிவைட்டமினில் இருப்பதையும் சேர்த்து. இரும்போடு சர்க்கரை போடாத எலுமிச்சைச் சாறு கொஞ்சம் குடித்தால் நல்லது. ‘ஃபெரஸ் அஸ்கார்பேட்’ என்றால் வைட்டமின் சி அதிலேயே உண்டு.

மலம் கறுப்பாகப் போவது இரும்பால்தான். ஆனால் தார் போலப் பிசுபிசுவென்று போய்த் தலையும் சுற்றினால் வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தம் கசியலாம், உடனே டாக்டரிடம் போங்கள். மூட்டு வலிக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் சாப்பிடுகிற பைபாஸ்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்கணும். அந்த மாத்திரைகளே உங்களுக்கு ஆகாது.

புதுவயல்: அக்கா, அண்ணனுக்குப் பைபாஸ் செஞ்சு ஆறு வாரம். பத்து நாளா எது சாப்பிட்டாலும் வாந்தி. மாத்திரையும் தங்கலை. கொஞ்ச நாளில் சரியாயிடுமா?

தம்பி, இதை இன்றே கவனிக்கணும். பி1 என்ற தயமின் உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருப்பு நிற்காது. வாந்தி நீடித்தால் அது தீர்ந்து நரம்பையும் மூளையையும் தாக்கும். கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, பார்வை இரட்டையாகத் தெரிவது, சொன்னதையே சொல்லிக் குழம்புவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அது அவசரம். வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், பத்து நாள் வாந்தியே போதும்.

அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். போனதும் மூன்று விஷயம் சொல்லுங்கள்: பைபாஸ் செய்தவர், பத்து நாளாக வாந்தி, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் ஊசி போட வேண்டும். தயமின் இல்லாத உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் நிலைமை மோசமாகலாம். ரத்தப் பரிசோதனை முடிவுக்காக ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. ஆபரேஷன் செய்த டாக்டருக்கும் போன் போடுங்கள், இரைப்பையும் குடலும் சேரும் இணைப்பு சுருங்கியிருக்கிறதா என்று அவர்தான் பார்க்கணும்.

பொன்னமராவதி: முடி கொத்துக் கொத்தாக் கொட்டுது. பயோட்டின் வாங்கலாமா?

மூன்றிலிருந்து ஆறு மாசத்துக்குள் முடி கொட்டுவது வேகமாக எடை இறங்குவதால் வருவது, பெரும்பாலும் தானே நிற்கும். முதலில் புரதம் நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் போகிறதா, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்று பாருங்கள். பயோட்டின் அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு போன்ற ரத்தப் பரிசோதனைகள் தப்பாகக் காட்டும்.

கோட்டையூர்: தினமும் முருங்கைக்கீரை, வாரம் ரெண்டு நாள் கவுனி அரிசி. இயற்கையாவே கிடைக்கும்போது மாத்திரை எதுக்கு?

அண்ணே, இரண்டுமே நல்ல சாப்பாடு, விட்டுவிடாதீர்கள். ஆனால் நீங்கள் சாப்பிடுவது ஒரு கைப்பிடி. கீரையின் இரும்பு சாதாரணக் குடலிலேயே கொஞ்சம்தான் சேரும். கவுனி அரிசியில் பி12 இல்லவே இல்லை. சர்க்கரையும் தேங்காயும் போட்டுச் செய்தால் பைபாஸ்காரர்களுக்குப் படபடப்பு, வியர்வை, வயிற்றோட்டம் என்று வேறு வரும்.

குன்றக்குடி: ஸ்லீவ் செஞ்சு ரெண்டு வருஷம், நல்லா இருக்கேன். சுத்த சைவம். மாத்திரையை நிறுத்திட்டு, சர்க்கரை மாத்திரையோட கடையில் கொடுக்கிற பி காம்ப்ளெக்ஸ் மட்டும் போடுறேன்.

ஐயா, நன்றாக இருப்பதைக் கேட்க எனக்குச் சந்தோஷம். அதை வைத்து நிறுத்தாதீர்கள். பி12 கல்லீரலில் வருஷக்கணக்கில் இருப்பு இருக்கும், அதனால் குறைவு தாமதமாகத்தான் தெரியும். தெரியும்போது நரம்பு பாதித்திருக்கலாம். சைவம், ஸ்லீவ் போக, உங்கள் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் என்றால் அதுவும் பி12ஐக் குறைக்கும். சாதாரண பி காம்ப்ளெக்ஸ் பலவற்றில் பி12 வெறும் 15 மைக்ரோகிராம். தினம் 1000 மைக்ரோகிராம் மாத்திரை அல்லது மாசம் ஒரு ஊசி, எது தோதோ அதை டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை பி12, டி, ஃபெரிட்டின், கால்சியம் பார்ப்பது வாழ்நாள் முழுக்க உண்டு.

வைட்டமின் டி பாக்கெட் 60,000 யூனிட், பொதுவாக வாரத்துக்கு ஒன்று. தினம் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

திருப்பத்தூர்: கல்யாணமாகி மூணு வருஷம். போன தை மாசம் பைபாஸ். குழந்தைக்கு எப்போ முயற்சி செய்யலாம்?

ஆபரேஷனிலிருந்து 12 முதல் 18 மாசம் தள்ளுவது நல்லது, எடை இறங்கி நிலைப்படட்டும். எடை குறையும்போது கரு சீக்கிரம் தங்கிவிடும், அதுவரை கருத்தடைக்கு வழி கேட்டுக்கொள்ளுங்கள். பைபாஸுக்குப் பிறகு வாய்வழி மாத்திரையை நம்ப வேண்டாம். முயற்சிக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் 800 முதல் 1000 மைக்ரோகிராம் வேண்டும். மல்டிவைட்டமினில் வைட்டமின் ஏ, ரெட்டினாலாக இல்லாமல் பீட்டா கரோட்டினாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், ரெட்டினால் அதிகமானால் கருவுக்கு ஆகாது. கர்ப்ப காலத்தில் சர்க்கரை பார்க்கக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பார்கள். பைபாஸ் செய்தவள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அதற்குப் பதிலாக ஒரு வாரம் வீட்டிலேயே விரல் குத்திப் பார்க்கச் சொல்வார்கள்.