கொலுசில் செய்த வெள்ளி நீர் தரமானதா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அம்மாவின் பழைய கொலுசில் இரண்டு துண்டு வெட்டி, மூன்று 9 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து கொலாய்டல் சில்வர் (நுண்ணிய வெள்ளித் துகள்கள் மிதக்கும் தண்ணீர்) செய்தேன். குழாய்த் தண்ணீரில் செய்தபோது பால் மாதிரி ஆகிவிட்டது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் இளமஞ்சளாக வந்தது. டிடிஎஸ் மீட்டர் 14 காட்டுகிறது. இது தரமானதா? சளிக்குத் தினமும் இரண்டு ஸ்பூன் குடிக்கலாமா? அப்பாவின் காலில் சர்க்கரைப் புண் இருக்கிறது, அதில் ஊற்றலாமா?"

குடிக்க வேண்டாம், புண்ணிலும் ஊற்ற வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பால் நிறத்திலிருந்து தொடங்கலாம். பிளஸ் டூ லேபில் உப்பைக் கண்டுபிடிக்க சில்வர் நைட்ரேட் விட்டது நினைவிருக்கிறதா? 'தயிர் போன்ற வெண்மை நிற வீழ்படிவு' என்று ரெக்கார்டு நோட்டில் எழுதினோமே, அதேதான் உங்கள் டம்ளரில் நடந்தது. குழாய்த் தண்ணீரில் குளோரைடு உண்டு. நம் பக்கத்து போர் தண்ணீரின் உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கரைந்து வரும் வெள்ளி அதோடு சேர்ந்து சில்வர் குளோரைடாகிவிடுகிறது.

மஞ்சள் நிறம் வேறு கதை. மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் ஊதா, நீல ஒளியை விழுங்குவதால் மிச்சம் மஞ்சளாகத் தெரிகிறது. துகள்கள் திரண்டு பெருத்தால் பழுப்பு, பிறகு சாம்பல், கடைசியில் அடியில் கசடு. பர்மா பஜாரில் கிடைக்கும் லேசர் லைட்டை இருட்டில் அடித்தால் கதிர் போகும் பாதை தெரியும். அது டிண்டால் விளைவு. ஆனால் ஒரு சொட்டுப் பால் விட்ட தண்ணீரிலும் அப்படித்தான் தெரியும். துகள் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி, வெள்ளி என்பதற்கு அல்ல.

டிடிஎஸ் மீட்டர் வெள்ளியை அளப்பதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, அதை உப்புக் கணக்கில் மாற்றிச் சொல்கிறது. துகளாக மிதக்கும் வெள்ளி அதன் கண்ணில் படவே படாது. எனவே அந்த 14 என்பது 14 பிபிஎம் (ஒரு லிட்டரில் 14 மில்லிகிராம்) வெள்ளி அல்ல. மல்டிமீட்டர் இருந்தால் அதைவிட உருப்படியான கணக்கு ஒன்று உண்டு. சுத்த வெள்ளிக் கம்பியில் 1 மில்லியாம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால், ஃபாரடே விதிப்படி அதிகபட்சம் 4 மில்லிகிராம் வெள்ளி கரையும். 400 மில்லி தண்ணீருக்கு அது 10 பிபிஎம். எதிர்முனையில் படிவது, கசடாவது எல்லாம் கழித்தால் இன்னும் குறையும்.

உங்கள் கொலுசுக்கு அந்தக் கணக்கும் பொருந்தாது. 92.5 முத்திரை போட்ட வெள்ளியிலேயே மீதி 7.5 சதவீதம் பெரும்பாலும் செம்புதான். பழைய கொலுசில் கலப்பு அதைவிட அதிகமாகவே இருக்கலாம், பற்றவைத்த இடங்களில் வேறு உலோகங்களும் இருக்கும். அதெல்லாம் சேர்ந்தே தண்ணீரில் இறங்கும். (கொலுசை வெட்டியது அம்மாவுக்குத் தெரியுமா?) பேட்டரித் தண்ணீரும் குடிப்பதற்கென்று தயாரித்ததல்ல.

சரி, சுத்த வெள்ளி வாங்கிச் செய்தால் குடிக்கலாமா? அப்போதும் வேண்டாம். இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500-இன்படி ஒரு லிட்டரில் வெள்ளி 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. 10 பிபிஎம் என்பது அதைப்போல நூறு மடங்கு. உடலில் சேரும் வெள்ளி தோலில் தங்கிச் சாம்பல் நீலமாக்கும். ஆர்ஜிரியா என்பார்கள், பெரும்பாலும் மாறாது. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் 2002-இல் செனட் தேர்தலில் நின்ற ஸ்டான் ஜோன்ஸ், வீட்டிலேயே இதைச் செய்து குடித்து நீலம் பாரித்தவர். சளிக்கு இது கேட்கும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, கடையில் சீட்டில்லாமல் விற்கும் கொலாய்டல் சில்வர் மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ பலன் தருபவை என்றோ ஏற்கப்பட்டவை அல்ல என்று 1999-இலேயே அறிவித்துவிட்டது. தைராய்டு மாத்திரையும் சில ஆன்டிபயாடிக்குகளும் உடலில் சரியாகச் சேராமல் இது தடுக்கவும் கூடும்.

அப்பா விஷயம்தான் அவசரம். தீப்புண்ணுக்கு சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு போடுகிறார்களே என்பீர்கள். அதில் வெள்ளி எவ்வளவு என்று தெரியும், எந்தப் புண்ணுக்கு என்பதை டாக்டர் பார்த்து முடிவு செய்கிறார். சர்க்கரைப் புண்ணில் வலி தெரியாமலே உள்ளே சீழ் கோத்துக்கொள்ளும். நாளைக் காலையிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இதற்குள் அந்தத் தண்ணீரைப் புண்ணில் ஊற்றியிருந்தால், எத்தனை நாள் ஊற்றினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.