கிரிப்டோ (குறியாக்க) லைப்ரரியை ரீஃபாக்டர் செய்தபின், அதாவது வேலை மாறாமல் கோடை மட்டும் திருத்தி எழுதியபின், எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகிறது. மறைந்திருக்கும் பிழைகளை எப்படித் தேடுவது?

பழைய கோட் எதையெல்லாம் மறுத்ததோ, அதையெல்லாம் புதிய கோடும் மறுக்கிறதா என்று முதலில் பாருங்கள். செல்லுபடியாகும் டிஜிட்டல் கையெழுத்தை ஏற்காமல் போனால் அன்றைக்கே யாராவது புகார் சொல்லிவிடுவார்கள். போலியை உள்ளே விட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஜாவா 15-இல் நடந்தது இதுதான். அதுவரை சி++-இல் இருந்த இசிடிஎஸ்ஏ (நீள்வட்ட வளைவைக் கொண்டு போடும் டிஜிட்டல் கையெழுத்து முறை) பகுதியை ஜாவாவிலேயே திருப்பி எழுதினார்கள். அந்தக் கையெழுத்து என்பது ஆர், எஸ் என்ற இரண்டு எண்கள். இரண்டில் எதுவும் பூஜ்ஜியமாக இருக்கக் கூடாது என்று பார்ப்பது சரிபார்ப்பின் முதல் படி. புதிய கோடில் அது விடுபட்டுப்போனது. அடுத்த படியில் எஸ்-க்குப் பெருக்கல் நேர்மாறு (அதோடு பெருக்கினால் 1 தரும் எண்) வேண்டும். பூஜ்ஜியத்துக்கு அப்படி ஒன்று கிடையாது, அங்கேயே நின்றிருக்க வேண்டும். ஆனால் நேர்மாறை அடுக்கேற்றித்தான் கணக்கிட்டார்கள். பூஜ்ஜியத்தை எத்தனை அடுக்கு ஏற்றினாலும் பூஜ்ஜியம்தானே? கடைசியில் ஆர்-உடன் ஒப்பிடக் கிடைத்த விடையும் பூஜ்ஜியம், ஆர்-உம் பூஜ்ஜியம். இரண்டும் சமம், ஆகவே கையெழுத்து செல்லும்! பி-256 என்ற நீள்வட்ட வளைவில் வெறும் 64 பூஜ்ஜிய பைட்டுகள் போதும். எந்தச் செய்திக்கும், யாருடைய பொதுச் சாவிக்கும் அது பொருந்தும். பாதுகாப்பு ஆய்வாளர் நீல் மேடன் 2021 நவம்பரில் இதை ஜாவாவை வெளியிடும் ஆரக்கிளுக்குத் தெரிவித்தார், 2022 ஏப்ரலில் பேட்ச் வந்தது. ஜாவா 15 வெளியானதோ 2020 செப்டம்பரில். எத்தனை சர்வர்கள் அதுவரை அப்படியே ஓடியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பகீரென்கிறது.

கூகுள் வெளியிட்ட விச்புரூஃப் டெஸ்ட் தொகுப்பில் இந்த மாதிரி எல்லை மதிப்புகள் இருக்கின்றன. அதை உங்கள் பில்டில் கட்டாயம் சேருங்கள். அப்புறம், பழைய கோடை உடனே அழித்துவிடாதீர்கள். அதில் பிழை எறியும் இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் கெட்ட உள்ளீடு ஒன்று தயாரித்து, இரண்டு கோடுக்கும் கொடுத்துப் பாருங்கள். பதில் மாறும் இடத்தில் முதலில் தோற்கும் டெஸ்ட்டை எழுதிவிட்டு, பிறகு திருத்துங்கள். திருத்தத்தைத் தனி கமிட்டாகப் போடுங்கள். பெயர் மாற்றம், இடைவெளி ஒழுங்கு எதையும் அதோடு கலக்க வேண்டாம், ரிவ்யூ செய்பவர் கண்ணுக்கு அந்த ஒரு வரி தெரியாமல் போய்விடும்.

டெஸ்ட்டுக்குச் சிக்காதது ஒன்றும் உண்டு: நேரக் கசிவு, அதாவது கணக்குக்கு ஆகும் நேரமே ரகசியத்தைக் காட்டிக்கொடுப்பது. மேக் மதிப்பை (செய்தியை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் குறியீடு) ஒப்பிடும் இடத்தில், கடைசி பைட் வரை நிற்காமல் ஓடும் பழைய லூப்பை யாராவது 'அழகாக இல்லை' என்று மெம்கம்ப் (பைட்டுகளை ஒப்பிடும் சி ஃபங்ஷன்) ஆக்கியிருந்தால் விடை அதேதான் வரும், ஆனால் முதல் பைட் தப்பானதும் அது திரும்பிவிடலாம். அந்த இடங்களை மட்டும் டிஃப்பில் (பழைய, புதிய கோடின் வித்தியாசப் பட்டியலில்) கண்ணால் தேடித்தான் பிடிக்க வேண்டும்.