கலர் ஸ்கேனர்: கண்ணாடியின்மேல் எதை வைக்கப் போகிறீர்கள்?

கலர் ஸ்கேனர் வாங்குவது பற்றி எழுதிக் கேட்ட வாசகர்களில், எந்தக் கம்பெனி நல்லது என்று மட்டும் கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். எதை ஸ்கேன் செய்யப் போகிறீர்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. காரியத்தைச் சொல்லிக் கேட்டவர்களுக்கான பதில்கள் இவை.

பள்ளி ஆசிரியை: கடையில் இரண்டு ஸ்கேனர்கள் பார்த்தேன். இரண்டிலும் 4800 டிபிஐ (ஓர் அங்குலத்தில் எடுக்கும் புள்ளிகள்) என்றே போட்டிருக்கிறது. ஒன்று மெல்லியது, விலையும் குறைவு. மற்றது கனமானது, விலை மிக அதிகம். ஏன் ஐயா?

பதில்: உள்ளே இருக்கும் கண் வேறு, அம்மா. மெல்லியது சிஐஎஸ் வகை. சிவப்பு, பச்சை, நீல எல்இடிகள் மாறி மாறி எரிய, கண்ணாடியை ஒட்டினாற்போல் ஓடும், ஒளியை உணரும் சென்சார் பட்டை ஒவ்வொரு நிறத்தையும் பதிவு செய்கிறது. கனமானது அநேகமாகச் சிசிடி. அதில் வெள்ளை ஒளி தாளில் பட்டு, ஆடிகளில் திரும்பி, லென்ஸ் வழியாகச் சென்சாரை அடைகிறது. இந்தப் பாதைக்கு இடம் வேண்டும். பெட்டி தடிப்பதற்கு அதுவே காரணம். தாள் கண்ணாடியில் படியாமல் சற்றுத் தூக்கியிருந்தாலும் சிசிடி தெளிவாகப் படிக்கும். சிஐஎஸ்ஸில் அந்த இடம் மங்கிவிடும். விடைத்தாள், மதிப்பெண் பட்டியல் போன்ற தட்டையான தாள்களுக்கு மெல்லியதே போதும், 300 டிபிஐ வைத்தால் நிறைவு. தைத்த புத்தகத்தின் நடு மடிப்பு வரை படிக்க வேண்டுமென்றால் சிசிடி வாங்குங்கள். பெட்டியில் ‘ஆப்டிகல்’ என்று போட்ட எண்ணை மட்டும் நம்புங்கள், ஸ்கேனர் உண்மையில் படிப்பது அதுதான். ‘இன்டர்போலேட்டட்’ என்பது இல்லாத புள்ளிகளை மென்பொருள் ஊகித்து நிரப்புவது. அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

குடும்பத் தலைவி: கல்யாண ஆல்பத்தின் 4×6 அங்குலப் படங்களை 1200 டிபிஐயில் ஏற்றினேன். கணினி திணறுகிறது.

பதில்: 600 போதும். அதிலேயே 2400×3600 புள்ளிகள் கிடைக்கும்; சுருக்காத கோப்பு ஏறக்குறைய 26 எம்பி. 1200 வைத்தால் கோப்பு நான்கு மடங்காகும், படத்தில் புதிதாக எதுவும் தெரியாது. மூலப் பிரதியைத் தரம் குறையாத டிஃப் கோப்பாக வையுங்கள், உறவினர்களுக்குச் சுருக்கிய ஜேபெக் கோப்பு அனுப்புங்கள். தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் ஃபீடரில் பழைய போட்டோவைக் கொடுத்தால் கீறல் விழும்.

ஸ்டூடியோ உரிமையாளர்: அப்பா காலத்து நெகட்டிவ்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. சாதாரண ஸ்கேனரில் வைத்தால் கறுப்பாகத்தான் வருகிறது.

பதில்: நெகட்டிவுக்கு ஒளி ஊடுருவிச் செல்ல வேண்டும். மூடியிலும் விளக்கு உள்ள ஃபிலிம் வசதி கொண்ட மாடல் தேவை. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு படம் 24×36 மில்லிமீட்டர்தான். 300 டிபிஐயில் அகலத்துக்கு 425 புள்ளிகளே தேறும். 2400 வைத்தால் 3400. அந்த அளவுக்கு உண்மையான நுணுக்கம் வேண்டுமென்றால் ஃபிலிமுக்கென்றே செய்த ஸ்கேனர் மேல். கண்ணாடியில் வைத்து எடுக்கும் சாதாரண பிளாட்பெட் ஸ்கேனரில் 6400 என்று எழுதியிருந்தாலும் கிடைப்பது அதைவிட நிறையக் குறைவு. ஆனால் உங்கள் பெட்டியில் இருப்பது பெரிய 120 ஃபிலிமாக இருந்தால் பிளாட்பெட்டே நன்றாகச் செய்யும்.

அகச்சிவப்புக் கதிரால் தூசியை நீக்கும் வசதியைக் கடைக்காரர் பெரிதாகச் சொல்வார். கலர் நெகட்டிவுக்கு அது அருமை. வழக்கமான கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வெள்ளித் துகள்கள் அந்தக் கதிரையும் மறைத்துவிடும். ஸ்கேனர் படத்தையே தூசி என்று எண்ணி அழித்துவிடும். அணைத்து வையுங்கள். இன்னொன்று: முகங்களின்மேல் பென்சிலால் டச்சிங் செய்திருப்பார்கள். அழுக்கென்று துடைத்துவிடாதீர்கள், அது ஒரு கைவினைஞரின் வேலை.

பத்திரிகைச் சேகரிப்பாளர்: பழைய இதழ்களின் அட்டைப்படத்தில் அலை அலையாகக் கோலம் விழுகிறது.

பதில்: அச்சுப் புள்ளிகளும் ஸ்கேனர் புள்ளிகளும் மோதுவதால் வருவது. ஸ்கேனர் மென்பொருளில் அச்சுப் புள்ளிகளைக் கரைக்கும் ‘டிஸ்கிரீன்’ தேர்வைப் போடுங்கள். அல்லது 600இல் எடுத்துப் பிறகு சிறிதாக்குங்கள்.

பட்டுச் சேலை வியாபாரி: ஜரிகை கறுத்து வருகிறது. நிறமும் ஒத்துவரவில்லை.

பதில்: விளக்கொளி சாய்வாக விழுகிறது, ஜரிகை அதை வேறு பக்கம் திருப்பிவிடுவதால் சென்சாருக்கு எதுவும் போய்ச் சேர்வதில்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இது தீராது. கேமராவும் இரண்டு பரவலான விளக்குகளும்தான் வழி. ஜரிகை இல்லாத துணிக்கு, அளவு தெரிந்த நிறங்கள் கொண்ட ஐடி8 வண்ண அட்டையை ஸ்கேன் செய்து நிறத்தைச் சீராக்கலாம். மானிட்டரையும் சீராக்காவிட்டால் அதுவும் வீண்.

கல்லூரி மாணவர்: டிரம் ஸ்கேனர்தான் உயர்ந்ததாமே? வாங்கலாமா?

பதில்: அது ஒரு காலத்தில் பெரிய அச்சகங்களின் சமாச்சாரமாக இருந்தது. படத்தை உருளையில் சுற்றி, மிக மங்கிய ஒளியையும் உணரும் ஃபோட்டோமல்டிபிளையர் குழாயால் புள்ளி புள்ளியாகப் படிக்கும். 1957இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியாளர் தன் கைக்குழந்தையின் போட்டோவைக் கணினிக்குள் ஏற்றியதும் உருளையில் சுற்றித்தான். 176×176 புள்ளிகள், அதுவும் கறுப்பு வெள்ளை. உங்களுக்கு வேண்டாம்.

ஓய்வுபெற்ற எழுத்தர்: என் பழைய ஸ்கேனருக்குப் புது விண்டோஸில் டிரைவர் இல்லை. எடைக்குப் போட்டுவிடலாமா?

பதில்: பொறுங்கள். வியூஸ்கேன் என்ற கட்டண மென்பொருள் ஏராளமான பழைய மாடல்களை இயக்கும். கணினியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்றால் சேன் என்ற மென்பொருள் இலவசம். உங்கள் மாடல் எண் அவற்றின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.